கைமாற்று

கட்டில் சொல்கிறது: எண்பத்தேழு கிலோ.
மனைவி நோல்ஃபா சொல்கிறாள்: எழுபத்தெட்டு.
போன மாதம் துறைமுகத்தில் நண்டு நிறுக்கும் தராசில்
விளையாட்டாக ஏறி நின்றாராம்.
முள் நின்ற இடத்தைப் பார்த்துக் கூட்டாளிகள் விலை கேட்டார்களாம்.

நான் நண்டுத் தராசை நம்புகிறேன்.
இடைப்பட்ட ஒன்பது கிலோ எலெயுத்தேரியோ பார்ரியா அல்ல,
மூன்று நாளாய் நாங்கள் ஊற்றியது.

கிலோவுக்கு எழுபது மில்லி என்கிறது பாடம்.
எழுபத்தெட்டால் பெருக்கினால்
ஐந்தரை லிட்டருக்குச் சற்றே குறைவு.
எண்பத்தேழால் பெருக்கினால்
எங்குமே இல்லாத அறுநூற்று முப்பது மில்லி ரத்தம்
காகிதத்தில் ஓடத் தொடங்கிவிடும்.
இரண்டும் குத்துமதிப்பு.
எவ்வளவு என்பதோடு நின்றுவிடும்,
எங்கே என்று கேட்டால் வாய் திறக்காது.

புந்தா அரேனாஸ். மணி மூன்று நாற்பது.
வெளியே நீரிணையின் காற்று
வாகன நிறுத்தத்தில் குப்பைத்தொட்டியை உருட்டுகிறது.
உள்ளே அழுத்தம் ஐம்பத்தெட்டு. ஐம்பத்தாறு.

கட்டைவிரலின் அடியில் ஒரு நண்டு முள் ஏறியது,
அவ்வளவுதான் தொடக்கம்.
இப்போது அவருடைய குழாய்களெல்லாம் கசிகின்றன.
ஏற்றிய உப்புநீர் ஓடுகிற இடத்தில் ஓடாமல்
இமையில், விரையில், நுரையீரலின் அடியில்
குட்டை கட்டி நிற்கிறது.
கணுக்காலை அழுத்தி எடுத்தால் அந்தக் குழி
நெடுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.
இத்தனை ஈரத்துக்குள் ஒரு வறட்சி இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

ஹீமோகுளோபின் நேற்று பதின்மூன்று, இன்று ஒன்பதரை.
ரத்தம் போனதா, தண்ணீர் வந்ததா?
நீர்த்த குழம்பில் ஒரு கரண்டி மொண்டு காட்டி
பானை எவ்வளவு பெரிது என்கிறது ஆய்வகத் தாள்.
தெரிந்த அளவு சாயத்தைத் தெரியாத அளவு ரத்தத்தில் கலந்து
எவ்வளவு வெளுத்தது என்று பார்க்கும் கருவி ஒன்று உண்டு.
சந்தியாகோவில். விமானத்தில் மூன்றரை மணி நேரம்.

என் கை அதற்குள் அரை லிட்டர்ப் பையை எடுத்துவிட்டது.
கைக்கு எப்போதும் அவசரம்.

செவிலி யஸ்னா குசானொவிச் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.
அவர் விரல்நுனியைப் பத்து எண்ணும்வரை அழுத்தி விட்டாள்.
வெளுத்த நகத்தில் சிவப்பு திரும்ப ஐந்து நொடி.
பிறகு கட்டிலின் பொத்தான்.
தலை தாழ, கால்கள் எழ,
தொடையிலும் கெண்டைக்காலிலும் சும்மா கிடந்த ரத்தம்,
முந்நூறு மில்லி இருக்கலாம்,
நெஞ்சை நோக்கி இறங்குகிறது.

வட்டியில்லை, சீட்டில்லை, சாட்சிக் கையெழுத்தில்லை.
ஒரு மனிதர் தன் காலிடமே வாங்கும் கைமாற்று.
இதைச் செலவழிக்க இதயத்துக்குத் தெரிந்தால்
பையைத் திறக்கலாம்.

ஒரு நிமிடம்.
திரையில், துடிப்புக்கு ஐம்பத்திரண்டு மில்லி.
ஐம்பத்து மூன்று.
ஐம்பத்திரண்டு.

வாங்கிய பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு
எந்தக் கடைக்குப் போவதென்று விழிக்கிறது இதயம்.

கால்கள் இறங்குகின்றன. கடன் திரும்பியது, குறையாமல்.
இனி ஊற்றுவதெல்லாம் விழலுக்கு.
குழாயை இறுக்கும் மருந்தை இரண்டு புள்ளி கூட்டினோம்.
பை அலமாரிக்குப் போனது.

கொடுத்ததை எழுதக் குறிப்பேட்டில் கட்டம் உண்டு.
கொடுக்காமலிருந்ததற்கு இல்லை.
ஓரத்தில் எழுதினேன்: கால் தூக்கிக் கேட்டோம். வேண்டாம் என்றது.

ஐந்து மணிக்கு நோல்ஃபா உள்ளே வந்து
வெடித்த உதட்டைத்தான் முதலில் பார்த்தாள்.
"தண்ணீரே கொடுக்கவில்லையா இவருக்கு?"
ஒன்பது லிட்டர் என் நாக்கில் வந்து நின்றது.
யஸ்னா ஒரு பஞ்சுக் குச்சியை நனைத்து அவள் கையில் கொடுத்தாள்.
"எவ்வளவு?"
"உதடு நனைகிற அளவு."

நல்லதா கெட்டதா, இன்னும் தெரியாது.
ஆறு மணிக்குச் சிறுநீர்ப் பையில் இருபத்தைந்து மில்லி.
அதை மட்டும் யாரும் மதிப்பிட வேண்டியதில்லை.
பையிலேயே கோடு போட்டிருக்கிறார்கள்.
குனிந்து, கண்ணை அந்தக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுபோய்,
இன்னொரு முறை படித்தேன்.